இங்கிலாந்து பையர் 60 நாள் கடன் கேட்கிறார், சரக்கு அனுப்பலாமா?

கரூர்த் தறி

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் மேட் செய்கிறோம். பத்து வருடமாகப் பெரிய எக்ஸ்போர்ட்டர்களுக்கு ஜாப் ஒர்க்தான். போன வருடம்தான் ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் எடுத்து, பேங்க் தரும் ஏ.டி. கோடைத் தூத்துக்குடி கஸ்டம்ஸில் பதிந்து, சொந்தப் பெயரில் துபாய்க்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று என்று இரண்டு சின்ன பார்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் முழுப் பணம் முன்னாலேயே வந்தது.

இப்போது இங்கிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பர்ச்சேஸ் மேனேஜர் என்று ஒருவர் ஈமெயில் அனுப்பியிருக்கிறார். 50க்கு 70 சென்டிமீட்டர் டவல், மூன்று சேர்ந்தது ஒரு செட், மொத்தம் 18,000 செட். செட்டுக்கு 2 டாலர் 10 சென்ட் சொன்னேன், ஒரு சென்ட்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. சாம்பிளும் வேண்டாம், போட்டோ போதும் என்றார். கம்பெனி விதிப்படி முதல் ஆர்டருக்கு அட்வான்ஸ் தரமாட்டார்களாம், டி.ஏ. 60 நாள், அதாவது சரக்கை எடுத்துக்கொண்டு 60 நாள் கழித்துப் பணம் என்கிறார். சரக்கு தலைமை அலுவலகத்துக்கு இல்லாமல் லண்டன் பக்கத்தில் ஒரு குடோனுக்குப் போக வேண்டுமாம்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்டு அரசின் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடினேன். பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிற கம்பெனி எண், முகவரி, கையெழுத்துப் போட்ட டைரக்டர் பெயர், எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. நூல் 10 மூட்டை வாங்கியும் வைத்துவிட்டேன். ஆனால் எங்கள் கணக்கைப் பார்ப்பது என் மனைவி. இவ்வளவு பெரிய கடைக்காரருக்கு நம்மை யார் அறிமுகப்படுத்தியது என்று அவர் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 30 லட்சத்துக்கு மேல் போகிற விஷயம், 14 பேர் கூலி இதில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் மர்ச்சண்டைசர்

அண்ணா, அண்ணி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. தறியில் ஏற்றாமல் அப்படியே நிறுத்துங்கள்.

நான் 12 வருடமாக ஐரோப்பியக் கடைகளுக்கான ஆர்டர்களைப் பார்க்கிறேன். சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் கொடுத்த ஒரு கடையைக்கூட நான் கண்டதில்லை. கலருக்கு லேப் டிப் என்ற சாயத் துண்டு, பிரிண்ட்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் என்ற அச்சுத் துண்டு, அப்புறம் சைஸ் சாம்பிள், உற்பத்திக்கு முன் ஒரு சாம்பிள், கப்பலுக்கு முன் ஒரு சாம்பிள் என்று உயிரை எடுப்பார்கள். அதற்கும் முன்னால் ஃபேக்டரி ஆடிட் ரிப்போர்ட் எங்கே, ஐரோப்பாவில் தடையான அசோ சாயம் இல்லை என்ற டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் சிஸ்டத்தில் வெண்டராகப் பதிந்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். உங்களிடம் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, விலையையும் பேசவில்லை என்றால் அந்த ஆளுக்கு டவல் தேவையில்லை, கடனில் கைக்கு வருகிற சரக்கு எதுவானாலும் போதும் என்று அர்த்தம்.

கம்பெனீஸ் ஹவுஸில் பொருந்துகிறது என்கிறீர்கள். பொருந்தத்தான் செய்யும், அந்தக் கம்பெனி உண்மையானது. அந்தத் தளம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. நீங்கள் சரிபார்க்கப் போன அதே பக்கத்திலிருந்துதான் அவனும் எண்ணையும் டைரக்டர் பெயரையும் எடுத்து ஆர்டரில் ஒட்டியிருப்பான். வாட் வரி எண்ணும் அப்படித்தான், அது செல்லும் என்றுதான் அரசுத் தளம் காட்டும். கம்பெனி இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்கள், இந்த ஆள் அந்தக் கம்பெனியில் இருக்கிறானா என்று இன்னும் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் பெரிய கடைகள் பெயரைச் சொல்லி ஐரோப்பிய சப்ளையர்களிடம் இப்படிச் சரக்கைக் கடனில் வாங்கி, ஏதோ ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இறக்கிக்கொண்டு மறைந்துபோவது வருடக்கணக்காக நடக்கிறது. பில்லோடு நிஜக் கம்பெனியிடம் போனால், நாங்கள் ஆர்டரே தரவில்லையே என்பார்கள்.

முதலில் ஈமெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். நிஜக் கடையின் இணையதளம் கோ டாட் யூகே என்று முடிந்து, இவனுடையது நடுவில் ஒரு கோடு போட்டு குரூப், சப்ளை என்று ஏதாவது சேர்த்து டாட் காம் என்று முடிந்தால் தீர்ந்தது. அந்த டொமைன் எப்போது பதிவானது என்று ஹூ இஸ் தேடலில் பார்க்கலாம். அடுத்து, ஆர்டரில் இருக்கிற போன் நம்பரைத் தொடாதீர்கள், அதை அவனேதான் எடுப்பான். கடையின் சொந்த இணையதளத்தில் இருக்கிற நம்பரை எடுத்து, நம் நேரம் மதியம் 3 மணிக்கு மேல் கூப்பிட்டு, பர்ச்சேஸ் பிரிவில் இந்தப் பெயரில் ஆள் உண்டா, இந்த ஆர்டர் எண் உங்களுடையதா என்று கேளுங்கள். பத்து நிமிட ஐ.எஸ்.டி. செலவு, அவ்வளவுதான்.

பொள்ளாச்சி நார்

தம்பி, மேலே சொன்னவர் சொன்னதெல்லாம் ஆள்மாறாட்டம். நான் பட்டது வேறு, அதில் ஆள் உண்மை, ஆபீஸ் உண்மை, லைசென்ஸ் உண்மை.

நாங்கள் நார்க்கழிவை 5 கிலோ கட்டியாக அழுத்தி அனுப்புகிறோம். 2019இல் துபாயில் ஒரு டிரேடிங் கம்பெனி. முதலில் இரண்டு டன், கையோடு பணம். அடுத்த மாதம் ஐந்து டன், அதற்கும் சொன்ன தேதியில் பணம். நான் நேரிலேயே போய்ப் பார்த்தேன், டெய்ராவில் நல்ல ஆபீஸ், ரிசப்ஷனில் ஒரு பெண், டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். மூன்றாவது தடவை நான்கு கன்டெய்னர் கேட்டு 45 நாளைக்குப் பின்தேதி செக் கொடுத்தார்கள். செக் திரும்பியது. நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அங்கே இருக்கிற என் மச்சானைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கதவில் பூட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேஜை நாற்காலிகூட இல்லை என்றார். அந்த மாடியில் எங்களைப் போல் அரிசி அனுப்பியவர், வெங்காயம் அனுப்பியவர் என்று இன்னும் ஏழெட்டுப் பேர் அலைந்துகொண்டிருந்தார்களாம்.

அந்த இரண்டு சின்ன ஆர்டரும் எனக்குப் போட்ட தூண்டில். அதற்கான பணத்தை அவன் செலவாகவே கணக்கு வைத்திருக்கிறான். அதனால் முன்னே ஒழுங்காகக் கொடுத்தார் என்பதை வைத்துக் கடன் கொடுக்காதே தம்பி, தொகை ஏறுகிற இடத்தில் நிபந்தனையும் இறுக வேண்டும். இன்னொன்று, அந்த ஊரில் செக் திரும்பினால் உடனே போலீஸ் பிடிக்கும் என்று நம்மவர்கள் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து சட்டம் மாறிவிட்டது, வெறுமனே பணமில்லாமல் திரும்பினால் அது சிவில் வழக்குதான். ஆளே இல்லாத இடத்தில் யார் மேல் வழக்குப் போடுவது?

எனக்குப் போனது கொஞ்சமில்லை. மில் ஆட்களுக்கு அந்த வருடம் போனஸ் கொடுக்க வீட்டு நகையை அடகு வைத்தேன், மீட்க மூன்று வருடம் ஆனது.

தூத்துக்குடி டாக்குமெண்ட்

துறைமுகத்தில் ஃபார்வர்டிங், அதாவது சரக்கு அனுப்பும் ஏற்பாட்டு வேலை பார்க்கிறேன். பையர் நல்லவரா கெட்டவரா என்று இங்கிருந்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. சரக்கின் மேல் உங்கள் பிடி எந்தக் காகிதத்தில் இருக்கிறது, அது எப்போது கையை விட்டுப் போகிறது என்பதை உங்களால் பார்த்துக்கொள்ள முடியும்.

கப்பலில் போனால் பி.எல்., அதாவது சரக்குக்கான உரிமைப் பத்திரம், பெரும்பாலும் மூன்று ஒரிஜினல் தருவார்கள். அதில் ஏதாவது ஒன்றைக் கொடுத்து அவன் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் காகிதம். நிறையப் பேர், பையர் அவசரம் என்கிறார், ஒன்றை மட்டும் கூரியரில் நேரே அனுப்பிவிடலாம், இரண்டு நம்மிடம் இருக்கிறதே என்று நினைக்கிறார்கள். அந்த ஒன்றே போதும். கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர் என்ற இடத்தில் பையர் பெயரை நேராகப் போடாமல் டு ஆர்டர் (பின்னால் கையெழுத்திட்டு மாற்றித் தருகிறவருக்கு) என்று போடச் சொல்லுங்கள். எக்ஸ்பிரஸ் ரிலீஸ், சரண்டர் என்று, ஒரிஜினலைக் காட்டாமலே சரக்கைக் கொடுத்துவிட ஃபார்வர்டர் கேட்டால், பணம் ஏறாமல் சரி சொல்லக் கூடாது, வாட்ஸ்அப்பில்கூட.

விமானத்தில் போனால் கதையே வேறு. ஏர்வே பில் சரக்குக்கான உரிமைப் பத்திரம் இல்லை, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். டாக்குமெண்ட்டை பேங்க் வழியாக அனுப்பினேனே என்று பிறகு அழுது பயனில்லை. ஏர்வே பில்லில் அவர்களுடைய பேங்க் பெயரைப் போடலாம், ஆனால் அந்த பேங்க் முன்கூட்டியே சம்மதம் தந்திருக்க வேண்டும்.

கரூர் நண்பரே, உங்கள் டி.ஏ.வுக்கு வருகிறேன். டி.ஏ. என்றால் பையர் பில்லில் ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டவுடன் பேங்க் டாக்குமெண்ட்டைக் கொடுத்துவிடும். 60 நாள் கழித்து அவன் தராவிட்டால் பேங்க் பொறுப்பில்லை. டி.பி. என்றால் பணம் கட்டினால்தான் டாக்குமெண்ட். இந்த ஓர் எழுத்தில் உங்கள் 30 லட்சம் இருக்கிறது.

டி.பி.யிலும் ஆபத்து உண்டு. விலை விழுந்தால் பையர் எடுக்கவே மாட்டான், துறைமுகத்தில் வாடகை ஏறும். துருக்கி மாதிரி நாடுகளில் முதல் பையர் சம்மதக் கடிதம் தராமல் சரக்கைத் திருப்பி எடுப்பதும் வேறொருவருக்கு விற்பதும் பெரும்பாடு. அதைத் தெரிந்துகொண்டே பாதி விலைக்குக் கேட்பார்கள். அதனால்தான் 30 சதவீதமாவது அட்வான்ஸ் என்கிறோம், போகவர கப்பல் கூலிக்காவது ஆகும்.

எல்.சி., அதாவது பையரின் பேங்க் பணம் தருவதாகத் தரும் உறுதிக் கடிதம் என்றாலும் கண்ணை மூடாதீர்கள். பையர் ஈமெயிலில் அனுப்புகிற எல்.சி. காப்பிக்கு மதிப்பில்லை, உங்கள் பேங்குக்கு ஸ்விஃப்ட் என்ற பேங்குகளின் செய்தி வலையில் வந்து, உங்கள் பேங்க் உண்மை என்று சொல்லித் தர வேண்டும். உள்ளே, பையரின் ஆள் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட் வேண்டும் என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அவன் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும், உங்களுக்குப் பணம் வராது. பேங்க் பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், சரக்கை இல்லை.

கரூர்த் தறி

எல்லோருக்கும் நன்றி. படித்தபோது கை நடுங்கியது. ஈமெயிலைத் திறந்து பார்த்தேன், மர்ச்சண்டைசர் சொன்னபடியே நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நாளை மதியம் கூப்பிடுகிறேன். ஒரு சந்தேகம்: ஈ.சி.ஜி.சி. என்ற ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி எடுத்துவிட்டால் இதிலிருந்து தப்பலாமா? ஆடிட்டர் அப்படித்தான் சொன்னார்.

ஃபாரெக்ஸ் மேஜை

பேங்கில் ஃபாரெக்ஸ் பிரிவில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஈ.சி.ஜி.சி. மத்திய அரசு நிறுவனம், 1957இலிருந்து இருக்கிறது, சின்ன எக்ஸ்போர்ட்டர்களுக்கென்று பாலிசி உண்டு, கட்டாயம் எடுங்கள். ஆனால் அது எதற்கு என்று புரிந்து எடுங்கள். பையர் திவாலானால், பணம் தராமல் இழுத்தடித்தால் அது உதவும். தரம் சரியில்லை என்று பையர் சண்டை போட்டால் அந்தத் தகராறு தீராமல் க்ளெய்ம் கிடைக்காது. உங்கள் விஷயத்தில் நிஜக் கடையின் பெயரில் லிமிட், அதாவது எவ்வளவு கடன்வரை காப்பீடு என்று கேட்டால் தாராளமாகவே கிடைக்கலாம், அது நல்ல கம்பெனிதானே. ஆனால் அந்தக் கடை ஆர்டரே தரவில்லை, சரக்கை வாங்கவும் இல்லை என்றால் யார் பாக்கி வைத்தார்கள் என்று க்ளெய்ம் கேட்பீர்கள்? ஆள் யார் என்று பார்க்கிற வேலை உங்களுடையதுதான்.

ஸ்விஃப்ட் காப்பி என்று ஒரு பி.டி.எஃப். வரும், பணம் போட்டுவிட்டேன், டாக்குமெண்ட்டை விடு என்பார்கள். அதில் பேங்க் முத்திரை எல்லாம் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அதைச் செய்யலாம். உங்கள் கணக்கில் வரவு வைத்ததாக உங்கள் பேங்க் சொல்லும்வரை எதையும் விடாதீர்கள். கூடுதலாகப் பணம் வந்துவிட்டது, மீதியை வேறொரு கணக்குக்கு அனுப்பு என்றாலும் அனுப்பாதீர்கள், வந்தது செக்காக இருந்தால் வாரக்கணக்கில் கழித்துத் திரும்பும். பேபால், கார்டு மூலம் வருகிற பணமும் கடைசி வார்த்தை இல்லை, பேபாலில் 180 நாள்வரை பையர் தகராறு எழுப்பலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் பார்த்ததிலேயே மனம் நொந்தது அதுதான். பையரும் நல்லவர், விற்பவரும் நல்லவர். நடுவில் ஒருவன் விற்பவரின் மெயிலுக்குள் புகுந்து மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்து, இன்வாய்ஸ் போகிற நாளில் எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று புதிய எண்ணை அனுப்பிவிட்டான். பையர் நாணயமாகப் பணம் கட்டினார், அவனுக்கு. பதினெட்டு வருடப் பழக்கம், யார் நஷ்டத்தை ஏற்பது என்பதில் முறிந்தது. எங்கள் கணக்கு எண் ஒருபோதும் ஈமெயிலில் மாறாது, மாறினால் போனில் குரல் கேட்டு உறுதி செய்யுங்கள் என்று முதல் இன்வாய்ஸிலேயே எழுதுங்கள். மெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் மெயில் வேறெங்காவது ஃபார்வர்ட் ஆகிறதா என்று செட்டிங்கில் இன்றே பாருங்கள். அப்படிப் பணம் போய்விட்டால் மணிக்கணக்கு முக்கியம், அந்தந்த பேங்குக்கும் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

கரூர்த் தறி

இன்று 3.20க்குக் கூப்பிட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு அம்மா பொறுமையாக எழுத்துக் கூட்டிக் கேட்டுவிட்டு, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை, ஆர்டர் எண்ணும் எங்கள் முறையில் இல்லை என்றார். அந்தக் குடோன் முகவரியைச் சொன்னதும், இதே முகவரியை இந்த மாதம் இன்னொரு சப்ளையரும் கேட்டார் என்றார். யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவர் அனுப்புவதற்கு முன் கேட்டாரா, பின் கேட்டாரா என்றுதான் மனதில் ஓடுகிறது.

அவன் மெயிலுக்கு 50 சதவீதம் அட்வான்ஸ், மீதி டி.பி. என்று மட்டும் பதில் போட்டேன். இதுவரை பதில் இல்லை. அவன் மெயில்களையும் ஆர்டரையும் அந்த அம்மா கொடுத்த முகவரிக்கு அனுப்பிவிட்டேன், சைபர் கிரைம் தளத்திலும் பதிந்திருக்கிறேன். 10 மூட்டை நூலில் ஆறு மூட்டையைக் கடைக்காரர் வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொண்டார். மீதி நாலில் சாம்பிள் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

பொள்ளாச்சி அண்ணா, நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். சிங்கப்பூர் பையர் இப்போது இரண்டு மடங்கு கேட்கிறார், 30 நாள் கடனில். அதற்கு என்ன பதில் போடலாம் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.