எந்த விமானத்தை நம்பி ஏறுகிறீர்கள்? அவரவர் அனுபவம்

ஜன்னலோரம்:

சில வருடங்களுக்கு முன்பு வரை டிக்கெட் எடுக்கும்போது நேரம், கட்டணம், நடுவில் எத்தனை இடத்தில் மாற வேண்டும், அவ்வளவுதான் பார்ப்பேன். ஒரு பயணத்தில், சக்கரம் தரையைத் தொடப் போகிறது என்று ஆளாளுக்குப் போனைக் கையில் எடுத்த நேரத்தில் இன்ஜின் திடீரென்று உறுமி விமானம் செங்குத்தாக மேலே ஏறிவிட்டது (செங்குத்தெல்லாம் இல்லை, எனக்கு அப்படித் தோன்றியது). பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் விமானி மைக்கில் வந்தார்: முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை, சுற்றி வந்து இறங்குகிறோம். நல்லபடியாக இறங்கினோம். ஆனால் அன்று இரவே அந்த நிறுவனத்தின் பழைய கதைகளைத் தோண்டி, இனி இவர்கள் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குக் கோ-அரவுண்ட் என்று பெயர், விமானிகளுக்கு வழக்கமான காரியம், சந்தேகம் வந்தால் இறங்காதே என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சரியாக நடந்துகொண்ட குற்றத்துக்காக அவர்களைத் தள்ளி வைத்திருக்கிறேன்!

அதோடு விட்டேனா, 'ஒரு விபத்துகூட இல்லாதவை' என்று ஒரு பட்டியலும் போட்டு வைத்தேன். அதைக் கிழிக்க வைத்தது, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் என்ற பயணிகள் விமானம். 1976 ஜனவரியில் பயணிகளை ஏற்றத் தொடங்கி 24 வருடம் ஒரு பயணிகூட அதில் சாகவில்லை. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் மேலெழும்போதே தீப்பிடித்து விழுந்து, உள்ளே இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள். நிறுவனங்களின் சேவையில் இருந்தவை மொத்தமே 14 விமானங்கள், பறந்த தடவைகளும் குறைவு. அதனால் அந்த ஒரே விபத்தில், கணக்குப்படி, ஜெட் ரகங்களிலேயே முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போய்விட்டது. அப்படியானால் பத்துப் பதினைந்து விமானம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் 'எங்களுக்கு விபத்தே இல்லை' என்றால் அதை எவ்வளவு தூரம் நம்புவது? நீங்கள் எல்லாம் எதைப் பார்த்து ஏறுகிறீர்கள்?

கடைசிவரிசை:

நான் முதலில் பார்ப்பது, டிக்கெட்டில் இருக்கும் பெயரும் விமானத்தை ஓட்டுகிறவரும் ஒன்றுதானா என்று. ஒருமுறை பெரிய நிறுவனம் என்று நம்பி எடுத்த டிக்கெட்டில், கேட்டில் போய் நின்றால் கேள்வியேபடாத பெயர் எழுதிய விமானம் நிற்கிறது. கவுண்டரில் கேட்டால் 'டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே' என்றார்கள். உண்மைதான், போட்டிருந்தது, எறும்பு எழுத்தில்! கோட்ஷேர் (ஒருவர் ஓட்டும் விமானத்துக்கு இன்னொருவர் தன் பெயரில் டிக்கெட் விற்பது), அல்லது விமானத்தையும் ஆட்களையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பது, இரண்டுமே சட்டப்படி சரியானவை. ஆனால் நான் அலசி ஆராய்ந்தது ஒருவரை, ஏறியது இன்னொருவர் விமானத்தில்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே விழுந்த விமானமும் இப்படித்தான். டிக்கெட் கான்டினென்டல் பெயரில், ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனம். தரையில் ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். குடும்பத்தினர் விடாமல் போராடியதில் அடுத்த வருடம் வந்த சட்டம், உண்மையில் ஓட்டுவது யார் என்பதை டிக்கெட் விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. இப்போது பணம் கட்டுவதற்கு முன் 'இயக்குபவர்' என்ற வரியைத் தேடிப் படிக்காமல் நான் நகர்வதில்லை.

நடு இருக்கை:

என் சித்தப்பா விமானப் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்தவர். அவரோடு பயணம் போனால் தனி அனுபவம். தொழில்நுட்பக் கோளாறு, இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்ததும் சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், இவர் மட்டும் நிம்மதியாகப் பேப்பரை விரிக்கிறார். எந்தெந்தப் பழுதோடு பறக்கலாம், எதோடு கூடாது, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறதாம். 'பட்டியலைப் பார்த்து நிறுத்தி வைக்கிறான் பார், அவன்தான் நம்ம ஆள்' என்பார்.

கொரியன் ஏர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சண்டையே நடந்திருக்கிறது. 1997-ல் பசிபிக் தீவான குவாமில் 228 பேர் இறந்தது, 1999-ல் மட்டும் இரண்டு சரக்கு விமானங்கள் விழுந்து நொறுங்கியது, டெல்டாவும் ஏர் பிரான்ஸும் 'இவர்களோடு டிக்கெட் விற்க மாட்டோம்' என்று விலகியது, இதையெல்லாம் அடுக்கி, அதில் போகவே கூடாது என்றேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: அதற்கப்புறம்? அதற்கப்புறம் டெல்டாவில் இருந்த ஒருவரையே கொண்டுவந்து விமான இயக்கத்தை அவர் பொறுப்பில் விட்டு, பயிற்சியை அடியோடு மாற்றியிருக்கிறார்கள். 1999 டிசம்பருக்குப் பிறகு உயிர்ச்சேத விபத்து கிடையாது. விலகிப்போன அதே டெல்டா திரும்பி வந்து, 2018-லிருந்து கூட்டாகவே தொழில் நடத்துகிறது. என் பட்டியலில் மட்டும் அவர்கள் இன்னும் 1997-லேயே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையில் தோற்றது நான்தான்.

வேறொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2003-லிருந்து ஐயோசா என்று ஒரு தணிக்கை நடத்துகிறது. தேறியவர்கள் பெயரை அவர்கள் தளத்திலேயே தேடலாம். அதில் பெயர் இல்லாததால் மட்டும் மோசம் என்று ஆகிவிடாது, இருந்தால் யாரோ உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இடைவழி:

ஐரோப்பியத் தடைப் பட்டியலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் பார்ப்பது அதைத்தான். 2004 ஜனவரியில் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் ஃப்ளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள். அந்த நிறுவனத்தை சுவிட்சர்லாந்து 2002-லேயே தன் வான்வெளியில் விடாமல் தடுத்திருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. பக்கத்து நாட்டுக்காரனுக்குத் தெரியாத தடையால் யாருக்கு என்ன பயன்? 2006-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் ஒரே பட்டியலாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பல இடங்களில் ஒரு நாட்டின் எல்லா நிறுவனங்களையும் சேர்த்துத் தடுத்திருப்பார்கள், ஏனென்றால் சந்தேகம் அங்கே கண்காணிக்கும் அரசு அமைப்பின் மேல். இந்தோனேசியா முழுவதையும் 2007-ல் தடுத்தார்கள், 2009-ல் கருடா உள்ளிட்ட சிலரை விடுவித்தார்கள், 2018-ல்தான் மொத்தமாக நீக்கினார்கள்.

சரி, பட்டியலில் இருக்கும் நாட்டுக்குள் பயணம் செய்தே ஆக வேண்டும் என்றால்? நேபாள நிறுவனங்கள் 2013-லிருந்து அதில் இருக்கின்றன. அங்கே லுக்லா என்ற மலையூருக்குப் போக எனக்கு வேறு வழி இல்லை, சாலை இல்லை, ஓடுபாதையோ 527 மீட்டர், அதுவும் மலைச்சரிவில். மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் கூடும் என்பதால் காலையில் முதல் விமானத்தில் இடம் பிடித்தேன். பாதி வழியில் மேகம் என்று விமானி திருப்பிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். எனக்கோ, மறுநாளும் இதே ஆள் ஓட்டினால் தேவலை என்றிருந்தது.

கடைசிவரிசை:

ஏறுகிற நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருமுறை கேட்டில் நிற்கும்போதே கேபினில் புகை வாடை வந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். பையைத் தொடாதீர்கள் என்று பணியாளர்கள் கத்தியும் மேலே இருந்து எடுத்தோம். நானும்தான் எடுத்தேன், லேப்டாப். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்த காட்சியைப் பார்த்தபோது அந்த லேப்டாப்தான் ஞாபகம் வந்தது. அறிவிப்பு மைக்கே வேலை செய்யாத நிலையில் பணியாளர்கள் குரலெழுப்பியே வழிகாட்டி 379 பேரையும் உயிரோடு வெளியேற்றினார்கள் (மோதிய கடலோரக் காவல் விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்தது தனிச் சோகம்). 1985-ல் 520 பேரைப் பலிகொண்ட தங்கள் விமான விபத்தின் சிதைவுகளை ஜப்பான் ஏர்லைன்ஸ் ஒளித்து வைக்கவில்லை, அதற்கென்று ஒரு மையமே வைத்து ஊழியர்களுக்குக் காட்டுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் அந்த 520-ஐப் பார்த்ததுமே வேறு விமானம் தேடியிருப்பார்.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் ஒரு பயணம் இருக்கிறது. இயக்குபவர் வரியைப் படித்தேன், ஐயோசாவில் தேடினேன், தடைப் பட்டியலையும் பார்த்தேன். கடைசியில் வந்து நின்றது அந்தக் கோ-அரவுண்ட் நிறுவனத்தில்தான். டிக்கெட் எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்காருகிறவர் நகம் வெட்டியிருந்தால் போதும்.