ஃபார்ச்சூனருக்கு 265/65 ஆர்17 ஹைவே டயர் எதைப் போடலாம்? பழைய டயர் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது

பொள்ளாச்சி_ரோடு:
வணக்கம். வண்டி 2018 மாடல் ஃபார்ச்சூனர், டீசல், டூ வீல் டிரைவ். சென்னைக்கு அடிக்கடி போய் வர வேண்டிய வேலை. கோவை, சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகத்தான் போவேன், ஓட்டத்தில் முக்கால்வாசி நாலு வழிச்சாலை. அதை விட்டால் வால்பாறை. அக்கா வீடு அங்கே எஸ்டேட்டில், ஆழியாரில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஆடி மாதம் என்றால் மழையும் மூடுபனியும் விடாது. மண் பாதை என்று பார்த்தால் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

நாலு டயரும் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டன. முன்பக்கம் இரண்டிலும் உள் ஓரம் மொட்டை, வெளி ஓரத்தில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. 70ஐத் தாண்டினால் கீழே இருந்து ஒரு ரீங்காரம் வருகிறது. கடையில் பிரிட்ஜ்ஸ்டோன் டூலர் எச்டி (எச்டி என்றால் தார் ரோட்டுக்கான ஹைவே டயர்), யோகோஹாமா ஜியோலாண்டர் எச்டி ஜி056, மிச்செலின் பிரைமசி எஸ்யூவி மூன்றையும் காட்டினார்கள். அப்புறம் அவரே, "இந்த வண்டிக்கு ஏடி டயர் போட்டால்தான் சார் கெத்து" என்கிறார், அதாவது மண், சேறு எல்லாவற்றிலும் ஓடும் ஆல் டெர்ரெயின் டயர். அமெரிக்காவில் இருக்கும் மச்சானைக் கேட்டால் மிச்செலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறான். வீட்டில் சின்னக் குழந்தையும் வயதான அம்மாவும் வருவார்கள், மழையில் பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும், அதுதான் எனக்கு முதல் கவலை. எதைப் போடலாம்?

தேனி_ஸ்கார்பியோ:
ஏடி வேண்டாம் நண்பரே. என் ஸ்கார்பியோவுக்கு முன்பு ஏடி போட்டிருந்தேன், மேகமலைத் தோட்டப் பாதைக்கு அது சரியாக இருந்தது, ஆனால் தார் ரோட்டில் சத்தம் காதைப் பிடுங்கும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு எச்டிதான். ஏடியில் கட்டை கட்டையாக இருக்கும் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், சேற்றில் அது உதவும், ஈரத் தார் ரோட்டில் அதே காரணத்தால் ரப்பர் ரோட்டைத் தொடும் பரப்பு குறைந்துபோகிறது.

சேலம்_அலைன்மென்ட்:
அண்ணா, டயர் பெயர் பேசுவதற்கு முன்னால் அந்த உள் ஓரத் தேய்மானத்தைப் பேசுவோம். நான் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலையில் இருப்பவன், இந்தத் தேய்மானத்தைத் தினமும் பார்க்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எந்த உயர்ந்த டயரைப் போட்டாலும் அதுவும் இதே மாதிரி உள் ஓரம் போய்விடும், போட்ட பணம் வீண்.

காற்று குறைவாக ஓடியிருந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமாக இருந்தால் நடுப்பகுதி தேயும். உங்களுக்கு உள் ஓரம் மட்டும், அதுவும் முன்பக்கம் இரண்டிலும் என்றால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அல்லது கேம்பர் (முன்னால் இருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) விலகியிருக்கிறது. ஃபார்ச்சூனருக்கு முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன், அதில் லோயர் ஆர்ம் புஷ் (கீழ்க் கையின் ரப்பர்), பால் ஜாயின்ட், டை ராட் எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை) இவற்றில் ஏதாவது ஒன்று ஆடினாலும் அளவு நிற்காது. புஷ் போன வண்டிக்கு மெஷினில் ஏற்றி அளவை வைத்துக் கொடுத்தால் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் காட்டும், ரெண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மறுபடி விலகிவிடும். அதனால் முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் இடமும் வலமும். பின்பக்கம் ஒரே அச்சு, அங்கே சரிசெய்ய அதிகம் ஒன்றும் இல்லை.

ரீங்காரத்துக்கு இரண்டு சோதனை உண்டு. டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறு பக்கம் ரம்பப் பல் மாதிரியும் தட்டுப்பட்டால் சத்தம் டயரில் இருந்துதான் வருகிறது. அடுத்தது, ஆள் இல்லாத நேராக உள்ள ரோட்டில் 80இல் போகும்போது மெதுவாக இடம் வலம் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடி மறு பக்கம் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பேரிங் போயிருந்தால் புது டயர் போட்டும் சத்தம் போகாது, கடைக்காரரிடம் வீணாகச் சண்டைதான் வரும்.

பொள்ளாச்சி_ரோடு:
தடவிப் பார்த்தேன், வெளியில் இருந்து உள்ளே தடவினால் கையைக் கிழிக்கிறது. சாய்த்தால் சத்தத்தில் மாற்றம் இல்லை. அப்படியானால் டயர் சத்தம்தானே? மெக்கானிக்கிடம் நாளை விடுகிறேன். இன்னொன்று, கடையில் 265/70 போட்டால் வண்டி உயரமாகும் என்கிறார்கள், '10 பிளை' எல்டி டயரும் இருக்கிறதாம், அதுதான் உறுதி என்கிறார்கள்.

சேலம்_அலைன்மென்ட்:
ஆமாம், டயர் சத்தம்தான், டோ விலகினால் இப்படித்தான் ஆகும்.

265/70 வேண்டாம். 265/65 ஆர்17இன் குறுக்களவு ஏறக்குறைய 776 மில்லிமீட்டர், 265/70 போட்டால் 803. அதாவது 3.4 சதவீதம் பெரிது, மீட்டர் 100 காட்டும்போது வண்டி கூடுதலாக ஓடும், ஓடிய தூரத்தையும் குறைத்துக் காட்டும். முழுதாக ஸ்டியரிங் ஒடிக்கும்போது உள்ளே உரசுகிறதா என்ற கவலை வேறு, கொண்டை ஊசி வளைவில் அது தேவையா?

எல்டி என்பது பெரும் பாரம் ஏற்றுகிற, டிரெய்லர் இழுக்கிற வண்டிகளுக்கு. பக்கச்சுவர் தடிமன், டயரே கனம், காற்றும் அதிகம் வைக்க வேண்டும். உங்கள் டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து 112 என்று ஒரு எண் இருக்கும், அதற்கு ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று அர்த்தம். நாலுக்கும் சேர்த்து 4,480 கிலோ. உங்கள் வண்டி ஆட்களோடும் பெட்டிகளோடும் சேர்த்தும் மூன்று டன்னைத் தொடாது. இதற்கு மேல் உறுதி எதற்கு? அம்மாவுக்கு ஒவ்வொரு குழியும் இடுப்பில் இடிக்கும், அதுதான் மிச்சம். புது டயரில் 112க்குக் குறையாமல் இருந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகம், எஸ் என்றால் 180, எச் என்றால் 210 கிலோமீட்டர். அதிலும் பழையதைவிடக் கீழே இறங்காதீர்கள்.

மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அவர் சொல்லும் டிஃபெண்டர் 'ஆல் சீசன்' வகை, அங்கே அப்படி என்றால் லேசான பனிப்பொழிவு வரை சமாளிக்கிற டயர், பக்கச்சுவரில் எம்+எஸ் என்று இருக்கும், சேறும் பனியும் என்று பொருள். நமக்கு இருக்கும் சீசன் இரண்டுதான், சித்திரை வெயில், அப்புறம் மழை. வெயிலுக்கு டெம்பரேச்சர் கிரேடு பாருங்கள், ஏ தான் உயர்ந்தது. மழைக்கு டிராக்ஷன் கிரேடு, ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும், அது ஈரத் தரையில் நேராகப் பிரேக் பிடித்து அளப்பது. இதெல்லாம் அமெரிக்க விதிப்படி அச்சிடுவது, இங்கே விற்கும் எல்லா டயரிலும் இருக்காது, இருந்தால் பாருங்கள். டிரெட்வேர் என்ற தேய்மான எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொருவரும் தாங்களே சோதித்துப் போட்டுக்கொள்ளும் எண் அது. அவர் அங்கிருந்து பரிந்துரைப்பதை இங்கே தேடி அலையவும் வேண்டாம், 2020 ஜூனில் இருந்து டயர் இறக்குமதிக்கு உரிமம் தேவை, ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம்.

நெல்லை_தாமிரபரணி:
என்னிடமும் இதே வண்டி, இதே அளவு. ஜியோலாண்டர் ஜி056 ஓடுகிறது, சத்தம் குறைவு, குழியில் மெத்தென்று இறங்குகிறது. அதற்கு முன்பு டூலர் இருந்தது, பக்கச்சுவர் விறைப்பு, வளைவில் நம்பிக்கையாகத் திரும்பும், ஆனால் பட்டன் பாதி தேய்ந்த பிறகு ஈரத்தில் முன்பு போல் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. மூன்றில் மழை உங்களுக்கு முதல் கவலை என்றால் நான் பிரைமசி அல்லது ஜியோலாண்டர் பக்கம்தான் போவேன். அப்போலோ ஆப்டெராவையும் ஒரு தடவை விலை கேளுங்கள், மோசமில்லை.

எதை வாங்கினாலும் ஒன்று கவனியுங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பார்கள். வால்பாறை மழைக்கு அதை நம்ப வேண்டாம், 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான், அது ஆழம் குறையக் குறைய டயர் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும்.

தேனி_ஸ்கார்பியோ:
பணம் கொடுக்கும் முன் தயாரித்த தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், 2325 என்றால் 2025ஆம் ஆண்டு 23ஆவது வாரம். அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் தரையில் படுத்துதான் பார்க்க வேண்டும். அதனால் ரிம்மில் ஏற்றும் முன்பே நாலையும் பாருங்கள். விலைப்பட்டியல் பழையதாக இருந்தால் கேளுங்கள், டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

பொள்ளாச்சி_ரோடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெக்கானிக் தூக்கிப் பார்த்ததில் இடது பக்க லோயர் ஆர்ம் புஷ் கிழிந்து ரப்பர் தனியாகத் தொங்கியது, டை ராட் எண்டிலும் ஆட்டம். இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லிவிட்டேன். டயர் ஜியோலாண்டர் நாலு சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்காகத்தான். பிரைமசிக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் 1118, பட்டன் முழுசாக இருக்கிறது, ஒருநாளும் தரையில் ஓடியதில்லை. அதை வைத்துக்கொள்ளலாமா?

சேலம்_அலைன்மென்ட்:
அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை ஓட்ட வைத்துக்கொள்ளலாம், பட்டனுக்கு நடுவிலும் பக்கச்சுவரிலும் வெடிப்பு இல்லாமல் இருந்தால். நாலில் ஒன்றாக மாட்டி ஓட்டாதீர்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். ஐந்து ஆண்டு தாண்டினால் வருடா வருடம் பார்க்கச் சொல்லியும், பத்து ஆண்டில் கழித்துவிடச் சொல்லியும் பல கம்பெனிகளே சொல்கின்றன. காற்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள், ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் நடுரோட்டில் நிற்பவர்கள்தான் அதிகம்.

வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: புஷ் வேலை, புது டயர், பேலன்சிங், கடைசியாக அலைன்மென்ட். அளவு அச்சடித்த தாளை வாங்கி வண்டியிலேயே வையுங்கள், அடுத்த தடவை ஒப்பிட உதவும். காற்று டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பக்கச்சுவரில் எழுதியிருப்பது உச்ச அளவு, அதை வைத்து அடித்துவிடப் போகிறார்கள். சக்கரம் அலாய் என்பதால் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாற்றி மாட்டுவது. புது டயரின் மேல், அதை வார்த்த அச்சில் இருந்து வரும் வழவழப்பு போக முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை மெதுவாக ஓட்டுங்கள், வால்பாறையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி_ரோடு:
சரிங்க, அப்படியே செய்கிறேன். அலைன்மென்ட் தாள் கைக்கு வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.