எண்டூரன்ஸ் படத்தைப் பார்த்த பாம்பன் ஓடாவியார்

2022 மார்ச்சில், அண்டார்டிகாவின் வெடல் கடலடியில், துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்த செய்தி வந்த சமயம். அப்பாவின் மரப்படகு பாம்பனில் ஓர் ஓடாவியாரிடம் பழுதுபார்க்கக் கிடந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்துக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தவரிடம் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"இது எத்தன வருசமாக் கெடக்கு தம்பி?" என்றார். 1915 நவம்பரில் மூழ்கியது என்றதும் நம்ப மறுத்துவிட்டார். மன்னார் வளைகுடாவில் மரம் கிடந்தால் புழு துளைத்துச் சல்லடையாக்கிவிடும். இதிலோ பின்பக்கத்தில் பெயர் எழுத்துகள்கூட அழியவில்லை. அந்தக் குளிர்கடலில் மரத்தைத் துளைக்கும் புழு கிடையாது, கிடப்பது 3,008 மீட்டர் ஆழம் என்று விளக்கிய பிறகுதான் சரி என்றார்.

அப்புறம் அது எப்படி உடைந்தது என்று கேட்டார். ஜனவரியில் பனிக்கட்டிகளுக்குள் சிக்கி, மாதக்கணக்கில் அவற்றோடு நகர்ந்து, பக்கவாட்டு நெருக்கத்தில் நொறுங்கியது. அக்டோபர் கடைசியில் ஷாக்கிள்டன் ஆட்களை இறக்கிவிட்டார். இதைச் சொன்னதும், "அடி உருண்டையா இருந்திருந்தா பனி நெருக்குனதும் மேல எந்திரிச்சிருக்கும். ஆனா வெறுங்கடல்ல ரொம்ப உருட்டும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நார்வேயில் துருவப் பயணி நான்சனுக்காகக் காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் கட்டி 1892இல் கடலில் இறக்கிய ஃப்ராம் கப்பலின் சூட்சுமமே அதுதான். முட்டை ஓடு போன்ற அடிப்பாகம், வெளியே நீட்டாத ஏரா (அடிக்கட்டை). 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனியில் உறைந்து கிடந்தும் உடையாமல் வெளியே வந்தது. திறந்த கடலில் அது உருட்டிய உருட்டும் பேர்போனது. பின்னால் தென்துருவம் போன அமுண்ட்சென் குழுவையும் சுமந்தது அதே கப்பல்தான். அந்தப் பெயரையே கேட்டிராத மனிதர், கையால் மரத்தைப் பழகிய அறிவால் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

அவரை அதிகம் ஈர்த்தது ஜேம்ஸ் கேர்ட் கதை. எண்டூரன்ஸோடு வந்த, ஏழு மீட்டருக்கும் குறைவான படகு அது. கப்பல் தச்சர் மெக்னிஷ் அதன் பக்கங்களை உயர்த்தி, பெட்டிப் பலகையும் கித்தானும் கொண்டு மேல்தளம் போட்டார். இடுக்குகளை விளக்குத்திரியாலும் எண்ணெய்ச் சாயத்தாலும் கடல்நாய் ரத்தத்தாலும் அடைத்தார். கப்பல் மூழ்கியபின் உதவி தேடி, அதில் ஷாக்கிள்டன் உட்பட ஆறு பேர் 1916 ஏப்ரல் 24இல் கிளம்பி, சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து, மே 10இல் தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார்கள். கப்பலில் இருந்த 28 பேரும் பிழைத்தது அதனால்தான்.

ஆனால் துருவப் பதக்கத்துக்கு மெக்னிஷை ஷாக்கிள்டன் பரிந்துரைக்கவில்லை. பனியில் நடந்தபோது அவர் தலைமையை எதிர்த்துப் பேசியவர் மெக்னிஷ். "எதுத்துப் பேசுனா என்ன, படகு மிதந்துச்சுல்ல?" என்று ஓடாவியாருக்குக் கோபமே வந்துவிட்டது. என் கட்சியும் அதுதான்.

அந்தப் படகு இப்போது லண்டனில் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கலப்பத்து இன்னும் தெரிகிறதா என்று எழுதுங்கள். அவரிடம் சொல்ல வேண்டும், போகும்போதெல்லாம் கேட்கிறார்.