ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சாதாரணக் கடையில் தயங்காமல் சாப்பிட

டோக்கியோவுக்கோ ஒசாகாவுக்கோ வேலைக்கு வந்து இறங்கும் நம் பிள்ளைகளில் பலர் முதல் சில மாதங்களை ரைஸ் குக்கர், தயிர், ஊறுகாயோடு ஓட்டிவிடுகிறார்கள். வெளியே சாப்பிடத் தோன்றினால், டோக்கியோவில் இருப்பவர்கள் இந்தியர் அதிகம் வாழும் நிஷி-கசாய்க்கு ரயில் ஏறுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் மதியம் 12 மணிக்கு அலுவலகமே எழுந்து சாப்பிடப் போகும்போது ஒருவர் மட்டும் மேஜையில் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஊரில் ஆயிரம் யென் பக்கம் வயிறு நிறைய, சுத்தமாகச் சாப்பிட முடியும். தடுப்பது பெரும்பாலும் பயம்தான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தாஷி உங்களுக்குச் சரியா, இல்லையா?

தாஷி என்பது இங்கே சமையலின் அடித்தண்ணீர். கொம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்னும் காய்ந்த மீன் சீவலையும் வெந்நீரில் போட்டு இறக்கிய சாறு. இலங்கைத் தமிழர் சம்பலில் இடிக்கும் மாசிக் கருவாடு எந்தச் சூரை மீனோ, கட்சுவோபுஷியும் அதே மீன்தான். மிசோ சூப், உதோன் நூடுல்ஸின் குழம்பு, தெம்புரா என்னும் மாவில் தோய்த்துப் பொரித்த பண்டத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள், வேகவைத்த காய், எல்லாவற்றிலும் இது இருக்கும். மேலே ஒரு துண்டு மீன்கூடத் தெரியாது. கடைக்காரரிடம் மீன் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் மனசாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. சாற்றை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மீன் துண்டு வேண்டாம், சாறு இருந்தால் பரவாயில்லை என்று இருப்பவர்களுக்கு முக்கால்வாசிக் கடைகள் திறந்துவிடும். சாறும் ஆகாது என்றால் கடைகள் குறைவு, ஆனால் உண்டு. இரண்டில் எது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து பேர் பின்னால் வரிசையில் நிற்கும்போது அதை யோசிக்கவே முடியாது.

அடுத்தது, கடைக்குள் போய் 'இதை எடுத்துவிட்டு அதைப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டு ஆகாது. நம் ஊரில் வெங்காயம் இல்லாமல் ஊத்தப்பம் கேட்டால் போட்டுத் தருவார்கள். இங்கே சங்கிலிக் கடைகளில் குழம்பும் சாறும் பெரும்பாலும் முன்கூட்டியே தயாராகி வருகிறது, அடுப்பில் நிற்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. உணவைத் திருத்தப் பார்க்காதீர்கள், கடையைத் தேர்ந்தெடுங்கள்.

சுத்த சைவத்துக்கு என் முதல் பரிந்துரை கோகோ இச்சிபான்யா என்னும் குழம்புச் சோற்றுச் சங்கிலிக் கடை. அங்கே சாதாரணமாக வருவது பன்றி இறைச்சி சேர்ந்த குழம்பு. ஆனால் விலங்குப் பொருள் சேராத காய்கறிக் குழம்பு என்று தனியாக ஒன்று பல கிளைகளில் உண்டு, அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சோற்றின் அளவு, காரத்தின் அளவு, மேலே போட வேண்டிய காய், எல்லாம் நீங்களே சொல்லலாம். டோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் என்று முழுக்கத் தாவர உணவு ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது. எள்ளும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்த அந்தச் சூப்பைக் குடித்தபோதுதான் ராமென் மேல் இங்குள்ளவர்களுக்கு ஏன் இத்தனை பிரியம் என்று எனக்குப் புரிந்தது.

சைசெரியா, கஸ்டோ மாதிரிக் குடும்ப உணவகங்கள் குழந்தைகளோடு போக வசதி. இருக்கை அகலம், குழந்தை நாற்காலி உண்டு, குளிர்பானத்துக்குத் தனியாகக் கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். சங்கிலிக் கடைகளின் இணையதளத்தில் ஒவ்வாமைப் பட்டியல் இருக்கும், போவதற்கு முன்னால் பாருங்கள். முட்டை, பால், கோதுமை மட்டுமில்லாமல் பல கடைகள் மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் என்றும் கட்டம் கட்டிக் காட்டும். பணியாளரிடம் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்தக் கட்டங்கள் நம்பகமானவை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் யொஷினொயா, மாட்சுயா, சுகியா மூன்றையும் கண்டால் அப்படியே நடையைக் கட்ட வேண்டியதில்லை. மாட்டுச் சோறுதான் அவர்களின் பெயர் பெற்ற பண்டம், ஆனால் மீன், கோழித் தட்டுகளும் அட்டையில் இருக்கும். ஹாம்பர்க் என்று வருவதில் மட்டும் எச்சரிக்கை, அது பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்த கொத்துக்கறி. முஸ்லிம் நண்பர்கள் மிரினையும் கவனிக்க வேண்டும். இனிப்புக்காகக் குழம்பில் ஊற்றும் அந்த அரிசித் திரவத்தில், அசல் வகையில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. அசாகுசா பக்கம் ஹலால் ராமென் கிடைக்கிறது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கோ இது சொர்க்கம். ஓதோயா, யயோய்கென் போன்ற தெய்ஷொகு (சோறு, சூப், பதார்த்தம் சேர்ந்து வரும் முழுச் சாப்பாடு) கடைக்குப் போய் சபா ஷியோயாகி கேளுங்கள். நம் கானாங்கெளுத்தியை உப்பு மட்டும் தடவித் தோல் முறுகச் சுட்டு, பக்கத்தில் துருவிய முள்ளங்கியை ஒரு சிறு குன்றாக வைத்துத் தருவார்கள். அந்த முள்ளங்கி மேல் நாலு சொட்டு சோயா சாஸ் விட்டு, மீன் துண்டோடு சேர்த்து, சுடுசோற்றோடு வாயில் போடுங்கள். மசாலா இல்லையே என்ற ஏக்கம் அந்த ஒரு வாயோடு போய்விடும். யயோய்கென்னில் பல கிளைகளில் சோறு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இனி சாப்பாட்டுக்கான டிக்கெட் இயந்திரம். ராமென், சோபா நூடுல்ஸ், மாட்டுச் சோற்றுக் கடைகள் பலவற்றில் வாசலிலேயே நிற்கும். தொடுதிரை வகை என்றால் பெரும்பாலும் ஆங்கிலம் இருக்கும், கவலையில்லை. பழைய பொத்தான் வகையில் முதலில் பணம் போட வேண்டும். போட்ட தொகைக்கு ஏற்ற பொத்தான்களில் விளக்கு எரியும், அதற்குப் பிறகுதான் அழுத்த முடியும். மேல் இடது மூலையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடையின் சிறப்புப் பண்டம். டிக்கெட் விழுந்ததும் மீதிச் சில்லறைக்குத் தனிப் பொத்தானோ கைப்பிடியோ இருக்கும், அதை மறந்துவிட்டு உட்காராதீர்கள். சில பழைய இயந்திரங்கள் 1,000 யென் நோட்டை மட்டுமே வாங்கும். 2024 ஜூலையில் வந்த புது நோட்டை ஏற்காத இயந்திரங்களும் உண்டு, அதனால் பையில் கொஞ்சம் நாணயம் இருக்கட்டும். சந்தேகமென்றால் பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு நின்று, நிதானமாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சுற்றும் சுஷிக் கடைகளில், சுஷிரோ, குரா, ஹமா என்று எதில் போனாலும், மேஜை ஓரத்தில் ஒரு சிறு குழாயும் கருப்புப் பொத்தானும் இருக்கும். அது கை கழுவ இல்லை! கோப்பையில் பச்சைத் தேயிலைப் பொடி போட்டு, அந்தக் கோப்பையாலேயே பொத்தானை அழுத்தினால் கொதிக்கும் நீர் வரும். குழந்தைகளை அந்தப் பக்கம் உட்காரவைக்கவே வைக்காதீர்கள். சுத்த சைவர்களுக்கு வெள்ளரிச் சுருள், ஊறுகாய் முள்ளங்கிச் சுருள், உருளைக்கிழங்கு வறுவல் தவிர அதிகம் இல்லை. இனாரி என்னும் பொரித்த தோஃபுப் பை சுஷியும் முட்டை சுஷியும் பார்க்கச் சைவம் மாதிரி இருந்தாலும் பொதுவாகத் தாஷி சேர்ந்தவை. சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

குச்சி பிடிக்க வராவிட்டால் ஸ்பூனோ ஃபோர்க்கோ கேளுங்கள், தருவார்கள். இரண்டை மட்டும் செய்யாதீர்கள்: சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது. முன்னது இறந்தவருக்குப் படைக்கும் முறை, பின்னது எரித்த பிறகு எலும்பு எடுக்கும் முறை. பக்கத்து மேஜையில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும்.

பணியாளர் தானாக வந்து நிற்கமாட்டார். மேஜையில் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் கை தூக்கி 'சுமிமாசென்' என்று தெளிவாகக் கூப்பிடுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. பில் துண்டு மேஜையிலேயே இருக்கும், எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து கல்லாவில் கட்ட வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் அங்கிருக்கும் சிறு தட்டில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், பார்சல் என்றால் 8. சாப்பிட்டு மிச்சம் வைத்ததைக் கட்டித் தரச் சொன்னால் பல கடைகள் மறுத்துவிடும், எனவே அளவாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, அலுவலக வரவேற்பு விருந்து. புதிதாகச் சேர்ந்தால் இஸகயா என்னும், மதுவோடு சிறு பண்டங்கள் தரும் கடைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்த சாப்பாடு. ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்னாலேயே நீங்கள் சாப்பிடாதவற்றை ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், இறால், முட்டை, தாஷி. வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் பேக்கன் தூவிய சாலட் வரும். அவர் கடைக்கு ஃபோன் போட்டுப் பேசிக்கொள்வார், அதை அவர் தொந்தரவாக நினைப்பதில்லை, மேஜையில் வந்தபிறகு சொன்னால்தான் சங்கடப்படுவார். விருந்தில்லாமல் நண்பர்களோடு போனால் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும், அதற்கு ஆளுக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும், அதுதான் இருக்கைக் கட்டணம். எதாமமே (வேகவைத்த பச்சை சோயாக் காய்), சுட்ட பச்சை மிளகாய், குளிர்ந்த தக்காளி, உருளைக்கிழங்கு வறுவல் என்று வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தோஃபு கேட்டால் மேலே கட்சுவோபுஷி தூவ வேண்டாம் என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள், இந்த ஒன்றை அவர்களால் எளிதாகச் செய்ய முடியும். குடிக்காதவர்கள் ஊலாங் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரோடும் 'கம்பாய்' சொல்லலாம், யாராவது வற்புறுத்தினால் 'தாய்ஷிட்சு தெ தமே நன் தெசு' என்று உடம்புக்கு ஒத்துவராது என்கிற மாதிரி நீட்ட வேண்டாம், 'நோமெமாசென்' (என்னால் குடிக்க முடியாது) என்று ஒரே வார்த்தை போதும்.