சண்டிகர் கல்யாணமும் குருத்வாராவின் இரண்டு பக்கங்களும்

(குடும்ப வாட்ஸ்அப் குழு, ஞாயிறு மாலை)

பெரியப்பா: சண்டிகர் திருமணத்துக்கு நானும் பெரியம்மாவும் வருவது உறுதியாகிவிட்டது, ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தங்கச்சி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பக்கத்து வீட்டு சர்தார்ஜி தொலைபேசியில் அழைத்தபோது, சீக்கியர்களின் கோயிலான குருத்வாராவில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது உனக்குத் தெரியும். புதிய இடத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பதறிப்போவாள். இப்படிப் பிரிந்து உட்காருவது அவர்கள் மதத்தின் விதியா, வெறும் வழக்கமா? விதி என்றால் அதற்கேற்ப நாங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வோம்.

சண்டிகர் அத்தை: அண்ணா, அது விதி இல்லை. சீக்கியர்களுக்கு ரஹத் மர்யாதா என்று ஒரு நடத்தை நெறித் தொகுப்பு இருக்கிறது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அவர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பின் முன்னால் தலையை மூடாமல் உட்காரக் கூடாது, மெத்தை நாற்காலி என்று தனி ஆசனம் போட்டுக்கொள்ளக் கூடாது, சாதியையோ மதத்தையோ பார்த்து உட்காருமிடத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆண்களுக்கு இந்தப் பக்கம், பெண்களுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சங்கத் என்னும் வழிபாட்டுக் கூட்டத்தில் அமர்வது குருவின் வழிக்கு மாறானது என்றுகூட அதில் வெளிப்படையாக இருக்கிறது.

சித்தி: அப்படியானால் எல்லாக் குருத்வாராவிலும் ஏன் பிரிந்தே உட்காருகிறார்கள் அண்ணி? நாங்கள் டெல்லியில் இருந்தபோது போன இடத்தில்கூட நடுவில் விரிப்பு போட்ட பாதை, அதற்கு இந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள், அந்தப் பக்கம் முழுக்க ஆண்கள்.

சண்டிகர் அத்தை: நான் இங்கே வந்த நாளிலிருந்து பார்த்தும் கேட்டும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நடுவில் இருக்கும் பாதை வணங்குவதற்கு. உள்ளே வருகிறவர்கள் அதன் வழியாக நேரே குரு கிரந்த் சாகிப்பிடம் போய், நெற்றி தரையில் படும்படி வணங்கி, காணிக்கையை உண்டியலில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் நகர்ந்து இரு பக்கத்திலும் கிடைத்த இடத்தில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். கூட்டமான நாளில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். முன்பின் தெரியாதவர்கள் அப்படி நெருங்கி உட்காரும்போது பெண்கள் பெண்களோடும் ஆண்கள் ஆண்களோடும் சேர்ந்துகொள்வது இயல்பாக வந்திருக்கும். கூடவே பஞ்சாபின் கிராமப் பழக்கமும் இருக்கிறது. மாமனாருக்கும் மூத்தாருக்கும் எதிரில் முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே பல வீடுகளில் இருந்தது. அந்த வீட்டுக்குள்ளிருந்து கோயிலுக்கு வருகிற பெண், மாமனார் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் எப்படி உட்காருவாள்? குருமார்கள் திரையை நீக்கச் சொன்னார்கள், திரை போயிற்று. திரைக்குப் பின்னால் இருந்த கூச்சம் இடத்தைப் பிரித்துக்கொண்டு நின்றுவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

அண்ணன்: அதில் தவறு என்ன இருக்கிறது அத்தை? வழிபாட்டு இடத்தில் மனம் ஒருமைப்பட வேண்டும் என்று பெரியவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். விருந்தினராகப் போகிற நாம் அதைக் கேள்வி கேட்பது சரியாக இருக்குமா?

நான்: அண்ணா, நாம் போய் அங்கே சண்டை போடப்போவதில்லை. பெரியப்பா கேட்டதற்கு உண்மையான பதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மனம் ஒருமைப்படுவது காரணம் என்றால் அது குரு அமர்தாஸுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1552 முதல் 1574 வரை மூன்றாம் குருவாக இருந்த அவர், கோயிந்த்வாலில் தம்மைப் பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிட வேண்டும், பிறகுதான் சங்கத் என்று வைத்தார். முகத்திரையோடு வந்த ஓர் அரசியிடம் திரையை நீக்கச் சொன்னார் என்பதும், உடன்கட்டை ஏறுவதை எதிர்த்தார் என்பதும், நெறியைப் பரப்பும் பொறுப்பைப் பெண்களிடமும் கொடுத்தார் என்பதும் அவர்கள் மரபில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறவை. விடியற்காலையில் குருத்வாராக்களில் பாடும் ஆசா தி வாரில் குரு நானக், அரசர்களைப் பெற்றெடுக்கும் பெண்ணை எப்படித் தாழ்வாகச் சொல்வது என்று கேட்கிறார். இப்படிப்பட்டவர்களின் பெயரால் பிரிவை நியாயப்படுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியப்பா: நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்கம் பிரிந்து உட்காருவதையும் தாழ்த்தி வைப்பதையும் ஒன்றாகப் பார்க்காதே. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அதில் இழிவு எங்கே வருகிறது? முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள் என்று இருந்தால் உன் கோபத்தை நானும் சேர்ந்து படுவேன்.

சண்டிகர் அத்தை: அண்ணா கேட்டது சரியான கேள்வி. நான் போகிற குருத்வாராவில் இரு பக்கத்திலிருந்தும் குரு கிரந்த் சாகிப் ஒரே தூரம்தான். நடுவில் திரை கிடையாது, தடுப்பு கிடையாது, பெண்களுக்கென்று மாடியோ பின்வாசலோ கிடையாது. கடா பிரசாதம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் வருகிறது, இரு கைகளையும் குவித்து எல்லோரும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்கிறோம். பெண்கள் கிரந்தம் வாசிக்கிறார்கள், சாமரம் வீசுகிறார்கள், கீர்த்தனை பாடுகிறார்கள். அமிர்தம் கொடுத்து முழுச் சீக்கியராக ஏற்கும் சடங்கை நடத்தும் ஐவரில் பெண்களும் இருக்கலாம் என்று ரஹத் மர்யாதாவே அனுமதிக்கிறது. அந்த அளவில் இங்கே பிரிந்து உட்காருவது எனக்கு ஒருநாளும் அவமானமாகத் தோன்றியதில்லை. அம்மா இறந்த சமயத்தில் பக்கத்து வீட்டு மாதாஜி என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்தில் தன் தோளோடு சேர்த்து உட்கார வைத்திருந்தார். அங்கே நான் வாய்விட்டு அழ முடிந்தது. அந்த ஆறுதலைக் கொடுத்த இடத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்?

நான்: அத்தை, அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிப்பின் உள்ளே இன்றுவரை கீர்த்தனை பாடுகிறவர்கள் ஆண்கள் மட்டும்தானே? ரஹத் மர்யாதாவில் சங்கத்தில் கீர்த்தனை செய்பவர் சீக்கியராக இருக்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர, ஆணாக இருக்க வேண்டும் என்று இல்லை. 2003-ல் அங்கே இரவில் குரு கிரந்த் சாகிப்பைப் பல்லக்கில் கொண்டுபோகும் சேவையில் சேர வந்த பெண்கள் தடுக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில், குரு நானக்கின் 550-ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி, பஞ்சாப் சட்டமன்றமே பெண்களையும் ஹர்மந்திர் சாகிப்பில் கீர்த்தனை பாட அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டது. அந்தச் சிரோமணி கமிட்டிக்கு 1999-லேயே பீபி ஜாகிர் கௌர் தலைவராக இருந்திருக்கிறார். நிர்வாகத்தின் தலைமையில் ஒரு பெண் உட்காரலாம், கீர்த்தனை பாடும் ராகிகள் அமரும் இடத்தில் உட்காரக் கூடாது என்றால் அதற்கு என்ன காரணம் சொல்வார்கள்? வழக்கம் என்றுதான் சொல்கிறார்கள். பக்கம் பிரித்து உட்கார வைப்பதற்கும் அதே சொல்தான் காரணம். அதனால்தான் எனக்குக் கவலை.

சித்தி: இது எனக்குப் புதிய செய்தி. குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் நான் பார்த்தவரைக்கும் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். சப்பாத்தி தேய்க்கும் இடத்தில் வயதான ஆண்களும் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து தேய்த்தார்கள். சாப்பிடும்போது இல்லாத கூச்சம் மேலே கூடத்தில் மட்டும் ஏன் வருகிறது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

சண்டிகர் அத்தை: லங்கருக்கு வேராக இருந்தவர்களில் ஒருவர் குரு அங்கதின் மனைவி மாதா கீவி, அவர் நெய் சேர்த்த பாயசம் பரிமாறியதை குரு கிரந்த் சாகிப்பே பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. அங்கே பெண்ணின் இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை. கண்ணு, ஹர்மந்திர் சாகிப் பற்றி நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. மற்ற பல குருத்வாராக்களில் பெண்கள் பாடுகிறபோது அங்கே முடியாது என்பது எனக்கும் நெடுநாள் வருத்தம். இங்கே என் தோழிகள், அமிர்தம் பெற்று ககாரங்கள் என்னும் ஐந்து சமய அடையாளங்களையும் அணிந்த பெண்கள், இதைப் பற்றி மனம் நொந்து பேசுகிறார்கள். அவர்கள் அதைத் தங்கள் குருவின் சொல்லை வைத்தே கேட்கிறார்கள், வெளியிலிருந்து வந்த கோரிக்கையாக அவர்களுக்குத் தோன்றவில்லை. பக்கம் பிரிவதை மாற்ற வேண்டுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. கீர்த்தனை விஷயத்தில் நான் பேசிய தோழிகள் எல்லோருக்கும் ஒரே கருத்துதான்.

அண்ணன்: சரி, இவ்வளவு தூரம் நான் யோசிக்கவில்லை. பக்கம் பிரிவதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கட்டாயமாக்கினால் குருவின் சொல்லுக்கு எதிராகப் போய்விடும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. திருமணத்தில் மணமக்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தானே உட்காருவார்கள்? நாம் எல்லோரும் பிரிந்து உட்கார்ந்துகொண்டு, அவர்கள் சேர்ந்து உட்காருவதைப் பார்க்கப் போகிறோமா?

சண்டிகர் அத்தை: ஆமாம் அண்ணா. ஆனந்த் காரஜ் என்னும் சீக்கியத் திருமணத்தில் மணமகனுக்கு இடது பக்கத்தில் மணமகள் உட்காருவாள். மணமகன் தோளில் போட்டிருக்கும் துணியின் ஒரு முனையை அவளுடைய தந்தை அவள் கையில் கொடுப்பார். குரு ராம்தாஸ் இயற்றிய லாவான் என்னும் நான்கு திருமணப் பாடல்களையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பாடும்போது இருவரும் குரு கிரந்த் சாகிப்பை நான்கு முறை சுற்றி வருவார்கள். மணமகன் முன்னால் நடப்பான், அவள் அந்த முனையைப் பிடித்தபடி பின்னால் நடப்பாள். அவள் சுற்றி வரும் வழியில் சகோதரர்கள் நின்று கைகொடுத்து அனுப்பும் பழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது, விதிகளில் அது கிடையாது. இந்தப் பெண் தனக்கு அது வேண்டாம், தானே நடந்துகொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய பாட்டியே அதற்குச் சம்மதித்துவிட்டார்.

நான்: அந்தப் பெண்ணை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது அத்தை.

சண்டிகர் அத்தை: இருங்கள், குருத்வாராவுக்கே அழைத்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.

(சற்று நேரம் கழித்து)

சண்டிகர் அத்தை: குருத்வாராவில் தொண்டு செய்யும் சேவாதாரிடம் பேசிவிட்டேன். பார்வை குறைந்தவர், வயதானவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் துணைக்கு வருகிறவரோடு சேர்ந்தே உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள் என்று சொன்னார். இங்கே யாரும் யாரையும் பிரித்து வைப்பதில்லை பீபிஜி, அவரவர் வசதிக்கு உட்காருகிறார்கள் என்றார். பெண்கள் பக்கத்தின் ஓரச் சுவரை ஒட்டி, முழங்கால் மடக்க முடியாதவர்களுக்காகத் தாழ்வான பலகை போட்டிருக்கிறார்கள். அண்ணா, நீங்களும் அங்கேயே பெரியம்மா பக்கத்தில் உட்காரலாம். அர்தாஸ் என்னும் பிரார்த்தனை சொல்லும்போது எல்லோரும் எழுந்து நிற்போம், அப்போது பெரியம்மாவின் இன்னொரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: நல்லது, மனம் நிம்மதியாயிற்று. பெண்கள் பக்கத்தில் நான் ஒருவன் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் மட்டும் என்னிடம் தயங்காமல் சொல்லிவிடு, நான் எதிர்ப் பக்கம் போய்விடுகிறேன், பெரியம்மாவோடு சின்னவள் இருக்கட்டும். தலையில் கட்டிக்கொள்ள அங்கேயே துணி கிடைக்குமா, இல்லை இங்கிருந்து கொண்டுவர வேண்டுமா?

சண்டிகர் அத்தை: வாசலில் கூடையில் வைத்திருப்பார்கள் அண்ணா. ஆனாலும் பெரிய கைக்குட்டையாக ஒன்று கொண்டு வாருங்கள், கட்டுவதற்கு எளிதாக இருக்கும். பெரியம்மாவுக்குச் சேலை முந்தானையே போதும், வழுக்காத பருத்திச் சேலையாகக் கட்டிவரச் சொல்லுங்கள்.