ஊசித்துளைக் கேமராவில் துளை சிறுத்தும் படம் மங்குவது ஏன்?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
வணக்கம். டர்பனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுடன் பால்மாவு டப்பாவில் ஊசித்துளைக் கேமரா செய்து வருகிறோம். துளைக்கும் புகைப்படத்தாளுக்கும் இடையே 100 மி.மீ. தொலைவு. துளையை மேலும் நுண்ணியதாக்கியபோது கோபுரம் முன்னைவிட மங்கலாக விழுகிறது. காரணம் என்ன? துளைக்குப் பதிலாகப் பூதக்கண்ணாடியைப் பொருத்தலாமா?

பீனிக்ஸ்வாசி:
வணக்கம் அம்மா. துளை பெரிதானால் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் தாளில் ஒரு வட்டமாக விரிந்து மங்கும். அளவுக்கு மீறிச் சிறுத்தாலோ, ஒளி அலையாதலால் துளையின் விளிம்பில் வளைந்து பரவி, மறுபடியும் மங்கும். இதை ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1891-இல் ஆராய்ந்து எழுதினார். துளைக்கும் தாளுக்கும் உள்ள தொலைவை அலைநீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை 1.9-ஆல் பெருக்குவது இன்றும் பலர் கையாளும் கணக்கு. புகைப்படத்தாள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்வதால் அலைநீளத்தை 0.00045 மி.மீ. என்று கொண்டால், உங்கள் டப்பாவுக்கு 0.4 மி.மீ. விட்டமுள்ள துளை பொருந்தும்.

குளிர்பான டின்னின் தகட்டை ஊசிமுனையால் மெல்ல அழுத்தித் துளைத்து, பின்புறப் பிசிறை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தகட்டை 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் துளையின் குறுக்கே ஏறத்தாழ 19 பிக்சல் இருக்க வேண்டும்.

பழைய இருட்டறைக்காரன்:
பூதக்கண்ணாடி வேலை செய்யும். ஆனால் தொல்லையும் கூடவே வரும். குவியத் தொலைவு 200 மி.மீ. என்றால், தொலைவிலுள்ள குன்று 200 மி.மீ.யில் தெளியும், 2 மீட்டரில் நிற்கும் பிள்ளையோ 222 மி.மீ.யில்தான் தெளியும். ஆகவே ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு பெட்டிகள் தேவை. தவிர, ஒற்றை லென்ஸ் நீலத்தைச் சற்று முன்னதாகவே குவிப்பதால், படத்தைப் பார்க்க வைக்கும் டிரேசிங் தாளில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடத்திலிருந்து புகைப்படத்தாளைச் சில மில்லிமீட்டர் லென்ஸின் பக்கமாக நகர்த்த வேண்டும். ஓரங்கள் குழம்பாதிருக்க, 12 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையை முன்னே ஒட்டுங்கள்.

அப்படிச் செய்தாலும், நல்ல வெயிலில் ஒளி விழவேண்டிய நேரம் ஏறத்தாழ ஆறில் ஒரு நொடிதான். கையால் மூடித் திறப்பவருக்கு அது கைவராது. ஊசித்துளைக்கோ 40 நொடி முதல் ஒரு நிமிடம் வரை ஆகும் என்பதால், பிள்ளைகளே எண்ணி மூடலாம். என்னைக் கேட்டால், வகுப்புக்குத் துளையே போதும்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
மிக்க நன்றி. கோபுரம் கிழக்கு நோக்கியது. எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

பீனிக்ஸ்வாசி:
காலையில் எடுங்கள். நண்பகலில் இங்கே சூரியன் வடக்கே நிற்கும். தமிழ்நாட்டு நூல்களில் வடக்குச் சுவருக்குச் சொல்லும் நிழல், நமக்குத் தெற்குச் சுவரில் விழும். டப்பாவைக் கல்மேல் அசையாமல் வைத்துவிடுங்கள்.