யுவே ஃபெய்யின் அம்மா சமாதிக்கு யாராவது போயிருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே, சீனாவில் இருப்பவர்கள், சுற்றியவர்கள் யாராவது கொஞ்சம் உதவுங்கள்.

போன வாரம் ஹாங்சோவில் மேற்கு ஏரிக்கரையில், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீனத் தளபதி யுவே ஃபெய்யின் சமாதியைப் பார்த்தேன். அவரைப் பொய் வழக்கில் சிக்கவைத்துக் கொன்ற மந்திரி சின் ஹுய்யும் அவன் மனைவியும் இரும்புச் சிலைகளாக, கைகள் பின்னால் கட்டப்பட்டு, இன்னும் முட்டி போட்டபடி இருக்கிறார்கள். துப்பாதீர்கள் என்று சொல்லித்தான் தடுக்க வேண்டியிருக்கிறதாம்!

ஆனால் நான் பார்க்க நினைப்பது அவருடைய அம்மாவின் சமாதியை. முதுகில் நாட்டுப்பற்று வாசகத்தைப் பச்சை குத்திவிட்டதாகச் சொல்வார்களே, அதே யாவ் அம்மாள்தான். (பச்சை இருந்தது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது, குத்தியது அம்மா என்பது பின்னால் வந்த கதை.) 1136இல் அவர் இறந்ததும், போர்முனையை விட்டுவிட்டு லூஷான் மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்து, துக்கம் காக்க அங்கேயே தங்கிவிட்டார் மகன், பேரரசர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டபிறகுதான் படைக்குத் திரும்பினார்.

சமாதி ஜியாங்ஷி மாகாணத்தில், ஜியுஜியாங் நகரத்தின் சாய்சாங் வட்டாரத்தில் இருக்கிறது. லூஷான் ரயில் நிலையத்தில் இறங்கினால் டாக்சி கிடைக்குமா? படிகள் நிறைய உண்டா? கூட வரும் என் அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி வேறு. அப்புறம், டாக்சிக்காரரிடம் காட்ட அந்த இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் யாராவது போட்டுவிட்டால் பெரிய உதவி.